தாதியர் வேலைக்குத் திரும்புதல், வெளிநாட்டில் பதிவெடுத்தல்: கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தை போர்டிங் அறைகளிலும் நைட் டியூட்டி முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும் இடத்திலும் தாதியர் என்னிடம் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். சோதனை கஷ்டமா என்றுதான் எல்லாரும் முதலில் கேட்பார்கள். சோதனையில் விழுந்தவர்களைவிட, வேலைகளை வரிசை மாற்றிச் செய்து காசையும் காலத்தையும் விட்டவர்களையே நான் கூடுதலாகப் பார்க்கிறேன். அதனால் கீழே உள்ள பதில்களில் பாதி, எதை முதலில் செய்ய வேண்டும் என்பதைப் பற்றியது. கட்டணங்களும் விதிகளும் மாறுகிறவை. காசு கட்டும் நாளில் அந்தந்த நாட்டுத் தாதியர் சபையின் இணையதளத்தை ஒருமுறை பாருங்கள்.

பிள்ளைகளுக்காக வேலையை விட்டு எட்டு வருடமாகிவிட்டது. திரும்பவும் வார்டுக்குப் போகலாமா?

போகலாம். படித்த டிப்ளோமா காலாவதியாவதில்லை. முதலில் இலங்கை தாதியர் கவுன்சிலில் உங்கள் பதிவு எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த சபை அது. பதிவு இலக்கம், அதில் உள்ள பெயர், முகவரி எல்லாம் சரியா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அரச சேவையில் இருந்தவர் என்றால், எப்படி விலகினீர்கள் என்பது முக்கியம். முறையாக ராஜினாமா கொடுத்து, அது ஏற்கப்பட்ட கடிதம் கையில் இருந்தால் நல்லது. லீவு முடிந்தும் போகாமல் விட்டவர்களுக்கு 'பதவியை வெறிதாக்கியவர்' என்று கடிதம் போயிருக்கும். அந்த நிலையில் அரச சேவைக்குத் திரும்புவது நீண்ட மேன்முறையீட்டு வேலை. வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும்போதும் பழைய ஆஸ்பத்திரியில் சேவைக் கடிதம் வாங்க அதுவே தடையாக வந்து நிற்கும்.

பெரும்பாலானவர்களுக்குக் கிட்டிய வாசல் தனியார் ஆஸ்பத்திரி. நேர்முகத்தில் சனலிங் பக்கத்தையோ ஓ.பி.டி.யையோ தருகிறோம் என்பார்கள். நேரம் வசதி, நைட் இல்லை, மனம் உடனே சரி சொல்லும். ஆனால் மருந்து ஏற்றி, குறிப்பு எழுதி, நோயாளியை இருபத்துநாலு மணி நேரமும் பார்க்கும் மெடிக்கல் வார்டையோ சேர்ஜிக்கல் வார்டையோ கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டு முதலாளி பார்ப்பது அந்த அனுபவத்தைத்தான். ஆறு மாதம் அங்கே நின்றால் கை பழைய வேகத்துக்கு வந்துவிடும்.

சேருவதற்கு முன் ஒரு அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி எடுத்துவிடுங்கள். பெரியவர் ஒருவருக்கு 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு, நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர். இதைப் படித்தால் மட்டும் போதாது, பொம்மையில் செய்து பார்க்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் கை எப்படிச் சோர்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

இவ்வளவு இடைவெளி இருந்தால் வெளிநாட்டில் பதிவு தருவார்களா?

நாட்டுக்கு நாடு வேறு. அவுஸ்திரேலியா கடந்த 5 வருடத்தில் 450 மணி நேர வேலையைக் கேட்கிறது. பிரித்தானியாவிலும் ஒரு 450 உண்டு, ஆனால் அது ஏற்கனவே பதிவில் உள்ளவர்கள் 3 வருடத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டிய கணக்கு. புதிதாகப் போகிறவர்களுக்கு அவர்களின் இரண்டு கட்டத் தகுதிச் சோதனையே அளவுகோல். இந்த இரண்டு 450ஐயும் போட்டுக் குழப்பி, 'எனக்கு வழியே இல்லை' என்று உட்கார்ந்திருக்கிறவர்கள் உண்டு. இன்னொன்று: சபை பதிவு தந்தாலும் வேலை தருகிற ஆஸ்பத்திரி அண்மைக்கால வார்டு அனுபவம் கேட்கும். ஆகவே வேலைக்குத் திரும்புவது முதலில், விண்ணப்பம் பிறகு.

சரி, எந்தப் பேப்பரில் இருந்து தொடங்குவது?

உங்கள் பெயரில் இருந்து.

இது சிரிப்பாக இருக்கும். ஆனால் தமிழ்த் தாதியரின் கோப்புகள் அதிகம் சிக்குவது இங்கேதான். ஒரு உதாரணம் பாருங்கள். பிறப்புச் சான்றிதழ் தமிழில்; பிள்ளையின் பெயர் கலைச்செல்வி, தகப்பன் சிவராசா. சாதாரண தரச் சான்றிதழில் எஸ். கலைச்செல்வி. பயிற்சிக் கல்லூரி டிப்ளோமாவில் தகப்பன் பெயர் முழுதாக, ஆனால் ஆங்கில எழுத்துக்கூட்டு வேறு. கவுன்சில் பதிவில் முதலெழுத்து மட்டும். கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த கடவுச்சீட்டில் கணவர் பெயர் குடும்பப் பெயராக நிற்கிறது. நமக்கு இது எல்லாம் ஒரே ஆள். லண்டனில் கணினி முன்னால் இருக்கிறவருக்கு நான்கு ஆட்கள்.

எல்லாப் பேப்பரையும் மேசையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் உள்ள பெயரை எழுத்து எழுத்தாக ஒரு தாளில் எழுதுங்கள். திருத்தக் கூடியதைத் திருத்துங்கள். முதலில் கவுன்சில் பதிவு, ஏனென்றால் அங்கிருந்துதான் வெளிநாட்டுச் சபைக்கு உறுதிப்படுத்தல் போகப் போகிறது. திருத்த முடியாதவற்றுக்கு, 'இந்தப் பெயர்கள் எல்லாம் என்னையே குறிக்கின்றன' என்று ஒரு சத்தியக் கடதாசி, ஆங்கிலத்தில், சட்டத்தரணி முன்னிலையில் முடியுங்கள். அதில் ஒரு வடிவத்தைக்கூட விடாதீர்கள். விவாகச் சான்றிதழும் கூடவே இருக்க வேண்டும். தமிழ், சிங்களப் பத்திரங்களை சத்தியப் பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போது கடவுச்சீட்டின் பிரதியையும் கொடுத்து, அதே எழுத்துக்கூட்டில் எழுதச் சொல்லுங்கள். அவர் தன் பாட்டுக்கு எழுதினால் ஐந்தாவது ஆள் ஒருவர் வந்துவிடுவார்.

ஆங்கிலச் சோதனைக்குப் பதியும் பெயரும் கடவுச்சீட்டுப் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். கடவுச்சீட்டைப் புதுப்பிக்க வேண்டியிருந்தால் அதை முதலில் முடித்துவிட்டு, பிறகு சோதனைக்குப் பதியுங்கள்.

பேப்பர் வேலைக்கு எங்கெல்லாம் போக வேண்டும்?

படித்த கல்லூரி, கவுன்சில், பத்தரமுல்லை. பாடவிதானமும் மணித்தியாலக் கணக்கும் உள்ள டிரான்ஸ்கிரிப்ட் கல்லூரியில் இருந்து. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ படித்தவர்கள் ஊருக்குப் போகும் லீவில் இதை முடித்துக்கொள்ளலாம். பதிவு உறுதிப்படுத்தல் கவுன்சிலில் இருந்து நேரே வெளிநாட்டுச் சபைக்குப் போகும், உங்கள் கையில் தரமாட்டார்கள். சான்றிதழ்களை அத்தாட்சிப்படுத்தும் வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவு பத்தரமுல்லை சுஹுருபாயவில் இருக்கிறது. கடவுச்சீட்டு அலுவலகமும் அதே கட்டடம்தான். கொள்ளுப்பிட்டியில் இருந்து 177 ஏறினால் பத்தரமுல்லையில் இறங்கலாம். யாழ்ப்பாணத்திலும் கொன்சியூலர் பிராந்திய அலுவலகம் உண்டு, அதற்காக மட்டும் கொழும்புக்கு வரத் தேவையில்லை.

பொலிஸ் சான்றிதழையும் பிரித்தானிய விசாவுக்கான காசநோய்ப் பரிசோதனையையும் முந்திக்கொண்டு செய்யாதீர்கள். காசநோய்ச் சான்றிதழ் 6 மாதம்தான் செல்லும். வேலைக் கடிதம் வந்த பிறகு செய்ய வேண்டியவை அவை.

ஐ.ஈ.எல்.டி.எஸ். நல்லதா, ஓ.ஈ.டி. நல்லதா?

இரண்டும் ஆங்கிலச் சோதனைகள்; ஓ.ஈ.டி. மருத்துவத் துறையினருக்கென்றே உள்ளது. பிரித்தானியாவின் தாதியர் சபையான என்.எம்.சி. இரண்டையும் ஏற்கிறது. ஐ.ஈ.எல்.டி.எஸ். அக்கடமிக்கில் கேட்டல், வாசிப்பு, பேச்சு மூன்றிலும் 7, எழுத்தில் 6.5. ஓ.ஈ.டி.யில் அந்த மூன்றிலும் பி, அதாவது 350; எழுத்தில் சி பிளஸ், அதாவது 300. ஒரே தடவையில் எல்லாம் வராவிட்டால் 12 மாதத்துக்குள் எழுதிய இரண்டு சோதனைகளின் புள்ளிகளைச் சேர்த்துக் காட்டலாம். ஆனால் எந்தப் பகுதியும் அரைப் புள்ளிக்கு மேல் குறையக் கூடாது.

என் அபிப்பிராயம்: வார்டில் பத்து வருடம் நின்றவருக்கு ஓ.ஈ.டி. எழுத்துப் பகுதி கைவந்த வேலை. நோயாளியின் குறிப்பைப் படித்து, 180 முதல் 200 சொல்லில் ஒரு கடிதம், அவ்வளவுதான். பேச்சுப் பகுதியில் நீங்கள் தாதி, எதிரில் இருப்பவர் நோயாளி. ஐ.ஈ.எல்.டி.எஸ்.ஸில் நகரமயமாதலைப் பற்றி 250 சொல் எழுதச் சொன்னால் நம்மில் பலருக்குப் பேனா ஓடாது. ஆனால் ஓ.ஈ.டி. கட்டணம் கூட. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நன்றாக ஓடியவர், குடும்பத்தோடு குடியேறுவதையும் யோசிக்கிறவர் ஐ.ஈ.எல்.டி.எஸ். எழுதினால் பல இடத்துக்கும் உதவும்.

இரண்டு பெறுபேறும் 2 வருடத்தில் காலாவதியாகும். பேப்பர்கள் தயாராகாமல் ஆங்கிலத்தை முடித்துவிட்டு, கவுன்சில் கடிதத்துக்குக் காத்திருந்தே அந்த 2 வருடத்தைக் கரைத்தவர்கள் இருக்கிறார்கள்.

சி.பி.டி.யில் என்ன கேட்பார்கள்?

என்.எம்.சி. தகுதிச் சோதனையின் முதல் கட்டம் இது, கணினியில் எழுதுவது. இரண்டு பகுதி. கணக்கு 15 கேள்வி, அரை மணி நேரம். தாதியியல் 100 கேள்வி, இரண்டரை மணி நேரம். ஒன்றில் மட்டும் விழுந்தால் அதை மட்டும் திரும்ப எழுதலாம்.

கணக்கு நாம் தினமும் செய்வதுதான்: 75 மில்லிகிராம் ஓர்டர், அம்பியூலில் மில்லிலீட்டருக்கு 50 மில்லிகிராம், எத்தனை மில்லிலீட்டர் எடுப்பீர்கள்? ஒன்றரை. வார்டில் இதை யோசிக்காமலே செய்கிற கை, திரையில் பார்த்ததும் தடுமாறும். தாதியியல் பகுதியில் இடறுவது நோய்களைப் பற்றிய கேள்விகளில் இல்லை. சம்மதம், இரகசியம், முறைப்பாடு போன்றவற்றில். நோயாளி சிகிச்சையை மறுக்கிறார், மகன் செய்யச் சொல்கிறார், நீங்கள் என்ன செய்வீர்கள்? இங்கே நாம் மகனிடம் பேசுவோம். அங்கே தீர்மானிக்கும் திறன் உள்ள நோயாளியின் சொல்தான் கடைசிச் சொல்.

ஒஸ்கி என்றால் எல்லாரும் பயப்படுகிறார்களே?

ஒஸ்கி இரண்டாவது கட்டம், செய்முறைச் சோதனை. பிரித்தானியாவில் மட்டுமே நடக்கும், கட்டணம் கிட்டத்தட்ட 800 பவுண். பெரும்பாலும் முதலாளிதான் கட்டுவார். விசாவில் போனவர் வேலை தொடங்கி 3 மாதத்துக்குள் முதல் தடவை எழுத வேண்டும், 8 மாதத்துக்குள் சித்தியடைய வேண்டும்.

மொத்தம் 10 நிலையங்கள். நான்கு ஒரே நோயாளியைச் சுற்றியவை: மதிப்பீடு, திட்டம், செயற்படுத்தல், மீளாய்வு. நான்கு செய்முறைத் திறன்கள். மீதி இரண்டு, தொழில் ஒழுக்கத்தையும் ஆய்வு ஆதாரத்தையும் பற்றியவை.

இங்கே இருபது வருடம் வேலை செய்தவர்கள் அங்கே ஏன் இடறுகிறார்கள்? கை தெரியும், வாய் திறப்பதில்லை. ஐம்பது கட்டில் வார்டில் பேசிக்கொண்டு வேலை செய்ய யாருக்கு நேரம்? ஒஸ்கியில் நீங்கள் சொல்லாதது நீங்கள் செய்யாதது. உள்ளே போனதும் கை கழுவுகிறேன் என்று சொல்லிக் கழுவ வேண்டும். உங்கள் பெயரைச் சொல்லி, நோயாளியை எப்படிக் கூப்பிட விரும்புகிறார் என்று கேட்க வேண்டும். பெயரையும் பிறந்த திகதியையும் அவர் வாயால் சொல்ல வைத்து, கைப்பட்டியோடு ஒப்பிட வேண்டும். ஒவ்வாமை உண்டா என்று கேட்க வேண்டும். மருந்துத் தாளில் ஒரு பொறி வைத்திருப்பார்கள்: பெனிசிலின் ஒவ்வாமை என்று மேலே எழுதியிருக்கும், கீழே அதே பெனிசிலின் குடும்பத்து அமொக்சிசிலின் ஓர்டராகியிருக்கும்.

அப்புறம் மூச்சு. நம் வார்டுகளில் சார்ட்டைப் பார்த்தால் வரிசையாக 18, 20, 18, 20. யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள் என்பது எழுதியவருக்கும் தெரியும், பார்க்கிறவருக்கும் தெரியும். அங்கே ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். ஏனென்றால் நோயாளியின் நிலை மோசமாவதை எச்சரிக்க அவர்கள் பயன்படுத்தும் நியூஸ்2 அட்டவணையில் மூச்சு 20 என்றால் புள்ளி 0, 21 என்றால் 2, 25 என்றால் 3. மொத்தம் 7 அல்லது அதற்கு மேல் என்றால் அவசர நிலை. சும்மா போட்ட ஓர் எண் முழுக் கணக்கையும் கவிழ்த்துவிடும். இன்றைக்கே, இருக்கும் வார்டிலேயே, முழு நிமிடம் எண்ணிப் பழகுங்கள். காசில்லாத ஒஸ்கிப் பயிற்சி இதுதான்.

எழுத்துப் பிழை வந்தால் ஒற்றைக் கோடு போட்டு, கையொப்பமும் திகதியும் இட வேண்டும். கறுப்பாகக் கிறுக்கி மறைக்கக் கூடாது.

நான் மூன்று வருட டிப்ளோமா. அவுஸ்திரேலியா போக முடியுமா?

பிரித்தானியாவுக்கு டிப்ளோமா போதும். அவுஸ்திரேலியா நேரே போகிறவரிடம் பட்டத்துக்குச் சமமான படிப்பைப் பார்க்கிறது. பிறகு என்கிளெக்ஸ் என்ற கணினித் தாதியர் சோதனை, அவுஸ்திரேலியாவிலேயே அவர்களின் சொந்த ஒஸ்கி. நாவலயில் உள்ள திறந்த பல்கலைக்கழகத்தில் வேலை செய்துகொண்டே தாதியியல் பட்டம் முடித்தவர்கள் நம்மில் நிறைய. இன்னொரு வழி 2025இல் திறந்தது: பிரித்தானியா, அயர்லாந்து, சிங்கப்பூர் போன்ற சில நாடுகளில் பதிவோடு 1800 மணி நேரம் வேலை செய்தவர்களுக்கு அவுஸ்திரேலியா விரைவுப் பாதை வைத்திருக்கிறது. அவுஸ்திரேலியாவே கனவு என்றாலும் முதலில் பிரித்தானியா என்று சிலர் திட்டமிடுவது அதனால்தான்.

கல்யாணம் பேசி ஸ்காபரோ போகப் போகிறேன். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாமா?

வேண்டாம், தங்கச்சி. விசாவுக்குக் காத்திருக்கும் காலத்திலேயே டிரான்ஸ்கிரிப்ட், பாடவிதானம், கவுன்சில் உறுதிப்படுத்தல், சேவைக் கடிதங்கள் எல்லாவற்றுக்கும் அடி போடுங்கள். அங்கே போய்க் குளிரில் இருந்துகொண்டு, அம்மாவை அலுவலகம் அலுவலகமாக அனுப்பி எடுப்பது பெரும் பாடு. கனடாவில் கியூபெக் தவிர்ந்த மாகாணங்களில் பதிவுத் தாதிக்கு 2015 முதல் என்கிளெக்ஸ்தான் சோதனை: 85 முதல் 150 கேள்வி, அதிகபட்சம் 5 மணி நேரம். ஒன்டாரியோவில் ஆர்.பி.என். என்ற அடுத்த நிலைத் தாதியாகவும் பதியலாம். அதற்குச் சோதனை வேறு. விண்ணப்ப வழி மாகாணத்துக்கு மாகாணம் மாறும், போகும் மாகாணத்தில் 'கல்லூரி' (college) என்ற பெயரில் உள்ள தாதியர் சபையை மட்டும் பாருங்கள். என்கிளெக்ஸை இங்கிருக்கும்போதே எழுத நினைத்தால் சென்னையில் மையம் உண்டு.

வேலையை விட்டு வெறுமனே விசாவுக்குக் காத்திருக்காதீர்கள். ஒன்டாரியோ அண்மைய 3 வருட வேலையைப் பார்க்கும்.

முதலில் வளைகுடாவுக்குப் போய்விட்டு அங்கிருந்து போகலாமா?

கடன் அடைக்க வேண்டியவருக்கு நல்ல வழி. டேட்டாஃப்ளோ என்று சான்றிதழ்களை மூலத்திலேயே சரிபார்ப்பார்கள், பிறகு ப்ரொமெட்ரிக் என்ற கணினிச் சோதனை. போகும் ஆஸ்பத்திரி பெரியதா, கட்டிலருகு வேலையா என்று பாருங்கள். வீட்டுத் தாதி வேலையில் மூன்று வருடம் போனால் அது பிறகு அனுபவமாகப் பெரிதாக எண்ணப்படாது.

ஏஜென்சி பதினைந்து லட்சம் கேட்கிறது. கொடுக்கலாமா?

பிரித்தானியத் தாதி வேலைக்கு என்றால் கொடுக்காதீர்கள். அந்நாட்டு அரசின் ஆட்சேர்ப்பு நெறிமுறைப்படி, வேலை தேடித் தந்ததற்காகத் தாதியிடம் காசு வாங்கக் கூடாது. அந்த நெறிமுறையை ஏற்ற ஏஜென்சிகளின் பட்டியலை, பிரித்தானிய அரச சுகாதார சேவை முதலாளிகளின் அமைப்பான என்.எச்.எஸ். எம்ப்ளோயர்ஸ் தளத்தில் யாரும் பார்க்கலாம். இங்குள்ள ஏஜென்சிக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று 1989க்கு அழைத்துக் கேளுங்கள். 'தாதி வேலை' என்று சொல்லி ஒப்பந்தத்தில் கெயார்கிவர், அதாவது பராமரிப்பு ஊழியர், என்று எழுதியிருக்கும். கையொப்பம் வைக்கும் முன் பதவியின் பெயரைப் படியுங்கள். 2025 ஜூலை முதல் பிரித்தானியா வெளிநாட்டில் இருந்து பராமரிப்பு ஊழியர்களைப் புதிதாக எடுப்பதை நிறுத்திவிட்டது. இன்னும் அந்த விசா விற்கிறவர் எதை விற்கிறார் என்று நீங்களே யோசியுங்கள். தாதியருக்குக் கதவு திறந்துதான் இருக்கிறது, ஆனால் கோவிட்டுக்குப் பிறகு இருந்த அலை இப்போது இல்லை. ஒரு நேர்முகத்திலேயே வேலை கிடைக்கும் என்ற கணக்கில் கடன் வாங்காதீர்கள்.

தனியார் ஆஸ்பத்திரி ஒன்றிலேயே பயிற்சி பெற்றேன். என் நிலை?

கவுன்சில் உங்களைப் பதியுமா என்பது ஒன்றே கேள்வி. சேர்த்துப் பார்க்க வேறொன்றும் இல்லை. பதிவு இல்லாமல் ஆங்கிலத்துக்கும் சி.பி.டி.க்கும் செலவழிப்பது வீண். இதைச் சொல்ல எனக்கும் சங்கடம்தான், பல வருடம் நல்ல வேலை செய்தவர்கள் அவர்கள். பதிவு கிடைக்காது என்று தெரிந்தால், வயதும் வசதியும் இருந்தால், அங்கீகரிக்கப்பட்ட பட்டப்படிப்பில் சேர்வதுதான் நேர்வழி.

தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் படித்தேன். கொழும்பில் வேலை செய்யலாமா?

இங்கே வேலை செய்ய இங்குள்ள கவுன்சில் பதிவு வேண்டும். கல்லூரிக்கு இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருந்ததற்கான ஆதாரம், டிரான்ஸ்கிரிப்ட், தமிழ்நாடு கவுன்சில் பதிவு மூன்றையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். தமிழ்நாட்டுப் பதிவைக் காலாவதியாக விடாதீர்கள். வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும்போது அங்கிருந்தும் உறுதிப்படுத்தல் கேட்பார்கள். கொழும்பு வார்டில் சிங்களம் இல்லாமல் ஒரு நாளும் ஓடாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அரச ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். வேலையை விடாமல் போகலாமா?

2022 நெருக்கடியில் அரச ஊழியர் 5 வருடம் வரை சம்பளமற்ற லீவில் வெளிநாடு போகச் சுற்றறிக்கை வந்தது. இன்று உங்கள் தரத்துக்கு அது எப்படிப் பொருந்துகிறது என்று பணிப்பாளர் அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல்லை நம்பி டிக்கெட் போடாதீர்கள். பயிற்சிக்கு எழுதிக்கொடுத்த பிணைக்காலம் முடிந்துவிட்டதா என்றும் பாருங்கள்.

வயது 43. பிந்திவிட்டேனா?

என்.எம்.சி. பதிவுக்கு வயது எல்லை இல்லை. அவுஸ்திரேலியாவின் புள்ளி முறை நிரந்தர விசாவுக்கு 45 வயதுக்குள் அழைப்பு வர வேண்டும், கனடாவின் புள்ளி முறையிலும் வயது ஏற ஏறப் புள்ளி குறையும். 43 என்றால் அவுஸ்திரேலியாவுக்கு இன்னொரு பட்டம் படித்து முடிக்கக் காலம் போதாது. பிரித்தானியாவுக்கு இந்த மாதம் பெயர்த் தாளைத் தொடங்குங்கள்.